பிரேக்கைத் திருகித் திருகி மூன்று வாரம்: ஒரு ரோடு பைக்கின் பின்சக்கர நிகழ்வு ஆய்வு

"சித்தப்பா, பின் பிரேக் உரசுகிறது. கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்." அண்ணன் மகன் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுச் சொன்னது இவ்வளவுதான். நானும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு பிரேக்கைப் பார்த்தேன். சக்கரத்தைப் பார்க்கவில்லை. அதனால் மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரமும் அவன் விரிசல் விட்ட ரிம்மின்மேல் (டயர் உட்காரும் உலோக வளையம்) ஏறி, நாளொன்றுக்கு 40 கி.மீ. ஓட்டிக்கொண்டிருந்தான். நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. இதே புகாரோடு சைக்கிளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சைக்கிளைப் பற்றி முதலில். மூன்று வயதான ரோடு பைக். அலுமினியச் சட்டகம், கார்பன் ஃபோர்க். டிஸ்க் பிரேக் கிடையாது. ரிம்மை இருபுறமும் கட்டையால் கவ்விப் பிடிக்கும் இரட்டை அச்சுக் கேலிப்பர். 700சி அளவுச் சக்கரம், 25 மி.மீ. டயர். பின்சக்கரத்தில் 28 ஸ்போக் கம்பிகள், முன்சக்கரத்தில் 24.

முதல் இரண்டு முறை

முதல் முறை வந்தபோது சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பின்னாலிருந்து பார்த்தேன். இடப்பக்கக் கட்டை ரிம்மை ஒட்டி நின்றது, வலப்பக்கக் கட்டை நன்றாக விலகி நின்றது. கேலிப்பர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். பின்னால் இருக்கும் நட்டைச் சற்றுத் தளர்த்தி, கேலிப்பரை நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்கினேன். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. இடைவெளி கிடைத்தது. ஐந்து நிமிட வேலை. அவனும் மகிழ்ச்சியாகப் போனான்.

அடுத்த வாரம் அதே புகார். மறுபடியும் நடுவுக்குக் கொண்டுவந்தேன். இந்த முறை கேபிளையும் கொஞ்சம் தளர்த்திக் கட்டைகளை விலக்கிவைத்தேன். உரசல் நின்றது. ஆனால் லீவரை அழுத்தினால் ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு உள்ளே வந்தது. மூன்று வாரத்தில் நான் செய்ததிலேயே மோசமான காரியம் இதுதான். உரசல் என்பது சக்கரம் கொடுத்த எச்சரிக்கை. அதன் வாயை அடைத்து, கூடவே பிரேக்கின் பிடியையும் குறைத்து அனுப்பிவைத்தேன். கட்டையை விலக்கிவைத்து உரசலை நிறுத்தும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

மூன்றாம் வாரம்: கேட்க வேண்டியதைக் கேட்டேன்

மூன்றாவது முறை அவன் வந்தபோது புகார் வளர்ந்திருந்தது. "இறக்கத்தில் பிரேக் பிடித்தால் லீவர் விரலில் துடிக்கிறது, சித்தப்பா" என்றான். அப்போதுதான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன். எப்போது உரசுகிறது? எப்போதுமா, விட்டுவிட்டா? உட்கார்ந்து மிதிக்கும்போதா, எழுந்து நின்று மிதிக்கும்போதா?

அவனுடைய பதில் தெளிவாக இருந்தது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு முறை "ஷ்" என்ற சத்தம். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் அது பலமாகிறது. லீவர் துடிப்பதும் சுற்றுக்கு ஒரு முறைதான்.

இந்தப் பதிலை முதல் நாளே கேட்டு வாங்கியிருந்தால் கேலிப்பரைத் தொட்டே இருக்கமாட்டேன். சக்கரம் முழுச் சுற்றும் விடாமல் உரசினால், சக்கரம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது கேலிப்பர் நகர்ந்திருக்கிறது, அல்லது கேபிள் இறுகி ஒரு கட்டை திரும்பாமல் நிற்கிறது. சுற்றுக்கு ஒரு முறை உரசினால் ரிம்மில் ஓர் இடம் கோணியிருக்கிறது. கேலிப்பர் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் பொருள், அதனால் விட்டுவிட்டு உரச முடியாது. எடை ஏறும்போது மட்டும் உரசினால் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் ஆட்டம் இருக்கிறது, அல்லது கம்பிகளின் இழுவிசை குறைந்திருக்கிறது. மனிதர்களுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறதா, விடாமல் அடிக்கிறதா என்று மருத்துவர் கேட்பதைப் போலத்தான் இதுவும். இவனுடைய சைக்கிளில் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே இருந்தன.

ஆனாலும் எதையும் தாண்டிச் செல்லக்கூடாது என்று அடியிலிருந்து தொடங்கினேன். சைக்கிள் தரையில் நேராக நிற்கும் நிலையில் பின்சக்கரத்தின் குவிக் ரிலீஸைத் (சக்கரத்தைச் சட்டகத்தோடு இறுக்கும் கைப்பிடி) திறந்தேன். சைக்கிளின் எடையே அச்சை அதன் பள்ளத்தில் சரியாக உட்கார வைக்கும். மூடியபோது இடைவெளி கண்ணெதிரே மாறியது: சக்கரம் ஒரு மி.மீ. அளவுக்கு வலப்பக்கம் நகர்ந்தது. கடைசியாக பஞ்சர் ஒட்டியபோது சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தை மாட்டியிருக்கிறான். அது சற்றுக் கோணலாகவே உட்கார்ந்து இறுகியிருக்கிறது. அந்தக் கோணலுக்கு ஏற்றபடிதான் நான் இரண்டு முறை கேலிப்பரைத் திருப்பி வைத்திருக்கிறேன்! குவிக் ரிலீஸ் லீவர் பாதி மூடும்போது, அதாவது அச்சுக்கு நேர்கோட்டில் நிற்கும்போது, கைக்கு எதிர்ப்பு தெரியத் தொடங்க வேண்டும். முழுதாக மூடியபின் உள்ளங்கையில் அதன் தடம் பதிந்திருக்க வேண்டும். எளிதாக மூடிக்கொண்டால் அது இறுகவில்லை என்று பொருள்.

ஆனால் இது விடாமல் உரசும் வகைக்குத்தான் பதில். சுற்றுக்கு ஒரு முறை வரும் சத்தம் அப்படியே இருந்தது.

அடுத்து ஹப். ரிம்மின் உச்சியைப் பிடித்து இடமும் வலமுமாக அசைத்தேன். அச்சில் ஆட்டம் இருந்தால் கையில் "டக்" என்று ஒரு தட்டு தெரியும். ரிம்மை வேறு வேறு இடங்களில் பிடித்துப் பார்த்தும் தட்டு இல்லை. கோன் (அச்சில் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டு) வைத்த ஹப்பாக இருந்தால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. குவிக் ரிலீஸ் இறுகும்போது அச்சு மயிரிழை அளவு சுருங்கும். அதனால் சக்கரம் வெளியே இருக்கும்போது துளி ஆட்டம் விட்டு, சைக்கிளில் மாட்டி இறுக்கியபின் அது மறையும்படி கோனைச் சரிசெய்ய வேண்டும். வெளியிலேயே ஆட்டமில்லாமல் இறுக்கிவிட்டால், மாட்டியபின் குண்டுகள் நசுங்கிச் சுழலும். இவனுடைய ஹப் நன்றாகவே இருந்தது.

கேபிளையும் பார்த்தேன். கேலிப்பரில் கேபிளைக் கழற்றிவிட்டுக் கையால் கட்டைகளை அழுத்தி விட்டேன். ஸ்பிரிங் உடனே விரித்துவிட்டது. கேபிள் உறைக்குள் சிக்கலும் இல்லை, துருவும் இல்லை.

மீதி இருந்தது ரிம். கேலிப்பர்க் கட்டையையே அளவுகோலாக வைத்துச் சக்கரத்தை மெல்லச் சுற்றினேன். டயரைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், டயர் சரியாக உட்காராவிட்டாலும் கோட்டம் போலத்தான் தெரியும்; ரிம்மின் ஓரத்தை மட்டும் பார்க்க வேண்டும். காற்று நிரப்பும் வால்வு துளையிலிருந்து கை நீள அளவில் ஓர் இடம், இடப்பக்கம் இரண்டு மி.மீ. ஒதுங்கி வந்து போனது. அந்த இடத்துக் கம்பிகளை விரல்நகத்தால் ஒவ்வொன்றாகச் சுண்டினேன். செயின் பக்கத்துக் கம்பிகள் இரண்டு மற்றவற்றைவிடக் கீச்சென்று ஒலித்தன. அவற்றுக்கு நடுவில் இருந்த ஒன்று மட்டும் "தொப்" என்று செத்த ஒலி கொடுத்தது.

பின்சக்கரத்தில் செயின் பக்கம் கேசெட் (பல்சக்கர அடுக்கு) இடத்தை எடுத்துக்கொள்வதால், அந்தப் பக்கக் கம்பிகள் ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கின்றன. ரிம் நடுவில் நிற்க வேண்டுமென்றால் அவை மற்றப் பக்கத்தைவிட மிக அதிகமாக இழுக்க வேண்டும். இடப்பக்கக் கம்பிகளில் இருக்கும் இழுவிசை பல சக்கரங்களில் செயின் பக்கத்தில் பாதியை ஒட்டியே இருக்கும். செயின் பக்கக் கம்பி ஒன்று விட்டுக்கொடுத்தால் ரிம் இடப்பக்கம் போகும், இடப்பக்கக் கட்டை உரசும். கணக்கு சரியாகப் பொருந்தியது.

நிப்பிள் (கம்பியை ரிம்மோடு பிணைக்கும் சிறு நட்டு) திருகும் சாவியை எடுத்து அந்தச் செத்த கம்பியைக் கால் சுற்றுக் கால் சுற்றாக முடுக்கினேன். வழக்கமான 2 மி.மீ. கம்பியின் மரை அங்குலத்துக்கு 56. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 0.45 மி.மீ. நகரும். கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் போகக்கூடாது என்பதற்கு அதுவே காரணம். மூன்று கால் சுற்றில் ரிம் நேரானது. நான் சரிசெய்துவிட்டேன் என்று நம்பினேன்.

தப்பிய ஒரு கேள்வி

அந்த இடத்தில் எனக்கு ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும், வரவில்லை. நூறு கிலோ அளவுக்கு இழுவிசை தாங்கி நிற்கும் செயின் பக்கக் கம்பி, ஏன் தளர்ந்தது?

இடப்பக்கக் கம்பி தளர்வதில் வியப்பில்லை. சக்கரம் உருளும்போது தரைக்கு நேர்மேலே வரும் கம்பிகள் ஒவ்வொரு சுற்றிலும் தம் இழுவிசையில் ஒரு பங்கை இழந்து மீண்டும் பெறுகின்றன. ஏற்கெனவே இழுவிசை குறைந்த கம்பி அந்த நொடியில் முழுதாகத் தொய்ந்துபோகலாம், நிப்பிள் மெல்ல மெல்லத் தானே கழலலாம். ஆனால் இறுகி நிற்கும் கம்பியில் நிப்பிள் தானாகச் சுழலாது. அது தளர்ந்தால் அதன் இரு முனைகளில் எங்கோ ஒன்று விட்டுக்கொடுக்கிறது என்று அர்த்தம். ஒன்று ஹப் விளிம்பில் கம்பி வளையும் இடமான முழங்கை; அல்லது ரிம்மில் நிப்பிள் துளை.

25 மி.மீ. டயர் போட்ட 700சி சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 475 சுற்றுக்கு மேல். 40 கி.மீ. என்றால் 19,000. அதாவது அந்தத் துளை நாளொன்றுக்கு 19,000 முறை இழுபட்டுத் தளர்ந்துகொண்டிருந்தது. அந்த மூன்று வாரத்தில் விடுமுறை நாள்களைக் கழித்தால்கூட மூன்று லட்சத்துக்கு மேல் வருகிறது.

துணியும் கைவிளக்கும்

நான்காவது முறை அவன் வந்தபோது கோட்டம் அதே இடத்தில், அதே அளவில் திரும்பியிருந்தது. அதே கம்பி மறுபடியும் செத்து ஒலித்தது. இந்த முறை சாவியை எடுக்கவில்லை. சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்து, அந்த நிப்பிளைச் சுற்றி ஈரத்துணியால் துடைத்தேன். எண்ணெயும் புழுதியும் சேர்ந்த கருப்பு மெழுக்கு போனது. ஆனால் துளையின் ஓரத்தில் ஒரு கருங்கோடு மட்டும் போகவில்லை. கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். நிப்பிள் துளையிலிருந்து ரிம்மின் நீளவாக்கில் இரு பக்கமும் ஒரு கோடு, மொத்தம் ஒரு செ.மீ. இருக்கும். நகத்தை அதன் குறுக்கே இழுத்தபோது நகம் சிக்கி நின்றது. விரல்நுனியால் தடவினால் துளையைச் சுற்றியுள்ள உலோகம் சிறு கொப்புளம் போல வெளிப்பக்கம் எழும்பியிருந்தது. நான் முடுக்கிய ஒவ்வொரு கால் சுற்றும் நிப்பிளை அந்த விரிசலுக்குள் இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கிறது.

"இனி இந்தச் சக்கரத்தில் ஏறாதே" என்று அவனிடம் சொல்லிவிட்டு, லீவர் துடிப்புக்கு விடை தேடினேன். பிரேக் துடிப்பு என்றால் முதலில் ரிம்மின் இணைப்பைத்தான் சந்தேகிப்பேன். வளைத்த அலுமினியத்தின் இரு முனைகளும் சேரும் இடம் அது. பெரும்பாலும் வால்வு துளைக்கு நேர் எதிரே இருக்கும். அங்கே சிறு படி இருந்தாலும் கட்டை தட்டும். ஆனால் அந்த இடம் வழவழப்பாக இருந்தது. வெர்னியரை எடுத்து ரிம்மின் அகலத்தைச் சுற்றிலும் அளந்தேன். மற்ற இடங்களில் 19.9 மி.மீ.; விரிசலுக்கு அருகே ஒரே இடத்தில் 20.7. கட்டை பிடிக்கும் சுவர் அங்கே வெளிப்பக்கம் பிதுங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத பிதுக்கம்தான், ஆனால் லீவரைப் பிடித்திருக்கும் விரலுக்கு 0.8 மி.மீ. மிகப் பெரிய மேடு.

பிதுக்கமும் விரிசலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அது தற்செயல் அல்ல. "எங்காவது பள்ளத்தில் விட்டாயா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னான்: இரண்டரை மாதத்துக்கு முன் ஒரு குழியில் பின்சக்கரம் பலமாக இறங்கியிருக்கிறது. டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள். டயர் ரிம்மோடு நசுங்கி டியூபைக் கடித்த தடம் அது. ஒரு கடையில் டியூபை மாற்றி, "பெண்டு எடுத்து"க் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கேதான் சங்கிலி முழுமையானது. குழியில் விழுந்த அடியில் ரிம்மே வளைந்துவிட்டது. வளைந்த ரிம்மைக் கம்பிகளை இழுத்து நேராகக் காட்ட முடியும். ஆனால் அதற்குச் சில கம்பிகளை அளவுக்கு மேல் முடுக்க வேண்டும், சிலவற்றைத் தொய்ய விட வேண்டும். கண்ணுக்குச் சக்கரம் நேராகச் சுற்றும். உள்ளே இரண்டு மூன்று கம்பிகள் மட்டும் எல்லாருடைய சுமையையும் இழுத்துக்கொண்டிருக்கும். கீச்சென்று ஒலித்த அந்த இரண்டு கம்பிகள் அதைத்தான் சொல்லின, நான் செத்த ஒலியை மட்டும் கேட்டேன். மூன்றும் ஒரே அளவுக்கு முடுக்கப்பட்டிருக்க வேண்டும். நடுவில் இருந்ததன் துளை முதலில் கிழிந்தது. பெண்டு எடுத்தவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதே சாவியை அதே கம்பியில் போட்டு நானும் முடுக்கியிருக்கிறேன். கோட்டம் எடுக்கும் முன் எல்லாக் கம்பிகளையும் சுண்டிக் கேட்பது, எடுத்தபின் மறுபடியும் கேட்பது, இரண்டையும் செய்தால் தெரிந்துவிடும். நேராகச் சுற்றியும் ஒலி ஒத்துப்போகவில்லை என்றால் அது வளைந்த ரிம்.

மறுகட்டு

ரிம் போனது போனதுதான். துளையில் விரிசல் விட்ட ரிம்மை ஒட்டவோ, நிப்பிளுக்கு அடியில் வாஷர் போட்டுக் காப்பாற்றவோ முயலக்கூடாது. ஹப் நன்றாக இருந்ததால் அதை வைத்துக்கொண்டு, 28 துளை ரிம் ஒன்றும் முழுக்கப் புதிய கம்பிகளும் நிப்பிள்களும் போட்டுச் சக்கரத்தை மறுபடியும் கட்டினேன். பழைய கம்பிகளையே போடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. இரண்டரை மாதம் தாறுமாறாக இழுபட்ட கம்பியின் முழங்கை எவ்வளவு களைத்திருக்கும் என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் அதை விட்டேன்.

கட்டும்போது நேராக்குவதைவிட இழுவிசையைச் சமமாக்குவதற்கே அதிக நேரம் கொடுத்தேன். செயின் பக்கக் கம்பிகள் ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்குள் வரும்வரை டென்ஷன் மீட்டரால் அளந்து திருத்தினேன். ரிம்மைச் செய்தவர்கள் குறித்திருக்கும் உச்ச இழுவிசையைத் தாண்டவில்லை. பிறகு ஒரே பக்கத்தில் இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கைக்குள் பிடித்துப் பலமாக நெரித்தேன். இப்படி நெரிக்கும்போது முழங்கைகள் ஹப் விளிம்பில் படிந்து உட்காரும், முறுக்கிக்கொண்ட கம்பிகள் "டிக் டிக்" என்று அவிழும். அதன்பின் மறுபடி கோட்டம் பார்த்தால் கொஞ்சம் நகர்ந்திருக்கும், திருத்த வேண்டும். மூன்று சுற்று இப்படிப் போனபின் பக்கவாட்டுக் கோட்டம் அரை மி.மீ.க்குள் நின்றது.

கட்டைகளைக் கழற்றிப் பார்த்தபோது இடப்பக்கக் கட்டையின் ரப்பரில் அலுமினியச் சில்லுகள் மின்னின. பிதுங்கிய சுவர் சுற்றுக்கு ஒரு முறை அறைந்து விட்டுச்சென்றவை. அப்படியே விட்டால் புதிய ரிம்மை அவை அரம் போலத் தேய்த்துவிடும். குண்டூசியால் கிளறி எடுத்து, உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்தேன், இன்னும் ஆழத்தில் சில்லுகள் இருந்தன. புதுக் கட்டைகளே போட்டேன். கட்டை டயரைத் தொடாமலும் ரிம்மின் கீழ்விளிம்பைத் தாண்டாமலும் நிற்க வேண்டும். இரட்டை அச்சுக் கேலிப்பரில் கட்டை தேயத் தேய ஒரு பக்கம் டயரை நோக்கி மேலேறும், மறுபக்கம் கீழிறங்கும். அதனால் பொருத்திய நாளோடு விட்டுவிடாமல் அவ்வப்போது பார்க்க வேண்டும். டயர்ச் சுவரைத் தேய்க்கும் கட்டை ஒரே இறக்கத்தில் டயரைக் கிழித்துவிடும்.

கடைசியாக, மூன்று வாரத்தில் முதல் முறையாகச் சரியான வரிசையில், கேலிப்பரை நடுவில் வைத்தேன். சைக்கிள் தரையில், சக்கரம் நன்றாக உட்கார்ந்து, ரிம் நேராக இருக்கும்போது. கேபிளையும் பழையபடி இறுக்கி, லீவர் பாதி தூரத்திலேயே பிடிக்கும்படி செய்தேன்.

முன் பிரேக் கீச்சிடுகிறது என்று அவன் போகிறபோக்கில் சொன்னதையும் பார்த்தேன். ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்து, கட்டையின் முன்முனை பின்முனைக்கு அரை மி.மீ. முன்பாகத் தொடும்படி, பின்முனைக்கு அடியில் அட்டைத் துண்டு ஒன்றை வைத்து இறுக்கினேன். சத்தம் நின்றது. ஹேண்டில்பார்க் கழுத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று முன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தும் பார்த்தேன். ஆட்டம் இல்லை.

நூறு கி.மீ. ஓடியபின் சக்கரத்தைக் கொண்டுவரச் சொன்னேன். கம்பிகளைச் சுண்டிக் கேட்டேன். இடப்பக்கத்தில் இரண்டு மட்டும் சற்றே இறங்கியிருந்தன, கால் சுற்றில் சரியானது. செயின் பக்கத்தில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. இப்போது 700 கி.மீ. தாண்டிவிட்டது. கேலிப்பர் வைத்த இடத்திலேயே நிற்கிறது.

பழைய ரிம்மை எறியும் முன் எல்லா நிப்பிள்களையும் கழற்றித் துளைகளைப் பார்த்தேன். கீச்சென்று ஒலித்த இரண்டு கம்பிகளின் துளைகளிலும், நிப்பிள் மறைத்திருந்த இடத்தில், மயிரிழை விரிசல் தொடங்கியிருந்தது. மற்ற 25 துளைகளும் சுத்தமாக இருந்தன. அந்தத் துண்டை மட்டும் அறுத்து, நிப்பிள் சாவி தொங்கும் ஆணியிலேயே மாட்டிவைத்திருக்கிறேன். அவன் வந்தால் சாவியை எடுக்கும் முன் அதை ஒரு முறை தடவிப் பார்க்கிறான்.